ஏழாம் மெஷின் மாமா

அம்மா இறந்து இரண்டு வாரம் ஆகப்போகும் நேரத்தில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் போன் செய்தார். அப்பாவை விசாரித்தார். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார். கம்ப்யூட்டரில் அம்மா போட்டுவைத்த அட்டவணை ஷீட் ஓடவில்லை.

அந்தப் பிரிவின் வரவேற்பு மேசையில் அம்மா பத்தொன்பது வருடம் இருந்தார். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் பிழை இருக்கும் இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். என் பள்ளி ரிப்போர்ட்டில் ஆசிரியர் எழுதியதையும் திருத்தித்தான் கையெழுத்துப் போடுவார்.

டயாலிசிஸ் பிரிவில் அவர் வேலை போன் எடுப்பது, பதிவு போடுவது, வாரா வாரம் அட்டவணை தயாரிப்பது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இடம் அது. எட்டு மெஷின். காலை, மதியம், மாலை என்று மூன்று ஷிஃப்ட். ஞாயிறு விடுமுறை. ஒருவருக்கு வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நாற்பத்து நான்கு பேர். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். யார், எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்பதைச் சனிக்கிழமை மதியத்துக்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். முதல் ஏழு வருடம் நோட்டில் போட்டார். பிறகு கம்ப்யூட்டரில், கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில்.

அம்மாவுக்குப் பதிலாக வந்தவர் போன் நம்பருக்காக நடுவில் ஒரு புதுப் பத்தியைச் செருகியிருக்கிறார். எல்லாக் கட்டங்களிலும் பிழைக்குறி வந்துவிட்டது. அந்த வார அட்டவணையைப் பென்சிலால் போட்டார்கள். ஒரே மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். புது சாஃப்ட்வேர் வர நான்கு மாதம் ஆகும். அதுவரை மாலை ஷிஃப்ட்டை நிறுத்திவிடலாம், இரண்டு ஷிஃப்ட் என்றால் கையால் சமாளிக்கலாம் என்றார். மாலையில் வருபவர்கள் பதினான்கு பேர். அவர்கள் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் வேறு மருத்துவமனையில் செய்துகொள்ள வேண்டும். பகலில் வேலைக்குப் போகிறவர்கள்தான் மாலை ஷிஃப்ட்டுக்கு வருவார்கள். வேலையை விடுவதா, இதை விடுவதா என்று அவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். சிஸ்டர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் மன்றாடி, அடுத்த சனிக்கிழமை வரை அவகாசம் வாங்கியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா. நீ இதுலதானே வேலை பாக்குற."

நான் இதில்தான் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடமாக ப்ரோகிராம் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் உலகம் இரண்டு பங்கு. எழுதுகிறவர்கள் ஒரு பங்கு, எழுதியதைப் பயன்படுத்தும் யூசர்கள் மறு பங்கு. யூசர் என்ற சொல்லை நாங்கள் மரியாதையாக உச்சரிப்பதில்லை. யூசர் எதையாவது அமுக்கிவிடுவார், யூசருக்குப் புரியாது, யூசர் கையில் கொடுத்தால் அவ்வளவுதான். பாதிக் கூட்டங்கள் இப்படித்தான் போகும்.

அம்மா சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வார். இப்படி இருந்தால் இதைச் செய் என்று ஷீட்டுக்குச் சொல்லும் நிபந்தனைக்கு இஃப் என்று பெயர்.

"ஏண்டி, ஒரு இஃப்புக்குள்ள எத்தனை இஃப் போடலாம்?"

"நீ எத்தனை போட்டிருக்க?"

"இப்போதைக்குப் பதினொண்ணு."

சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தேன். அந்த ஷீட்டை ஒரு முறை பார் என்று அம்மா என்னிடம் நான்கு தடவை கேட்டிருப்பார். நான்கு தடவையும் அடுத்த முறை என்றேன். கடைசியாகக் கேட்டபோது, "அம்மா, அது ப்ரோகிராம் இல்ல. நீ ஒரு யூசர். நல்ல யூசர், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ எழுதறதெல்லாம் யாருக்கு?"

"யூசருக்கு."

"அப்ப நான்தானே உனக்கு முதலாளி. போ, காபி போட்டு எடுத்துட்டு வா."

போட்டுக் கொடுத்தேன். ஷீட்டைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போனேன். அம்மாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் நான்கு கோப்புகள் இருந்தன. ஷெட்யூல்_புதுசு. ஷெட்யூல்_புதுசு_2. ஷெட்யூல்_இதுதான். ஷெட்யூல்_நிஜமா_இதுதான். கடைசிக் கோப்பைத் திறக்காமல் அதன் விவரத்தை மட்டும் பார்த்தேன். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில், பதிலுக்கு வந்தவரின் பெயர். அதற்கு முந்தைய நகலில் அம்மாவின் பெயர், சனிக்கிழமை, காலை பதினொன்று ஐம்பத்திரண்டு. அன்று பன்னிரண்டரைக்கு அவர் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். இதயம். நான் எதைச் சேமித்தாலும் அந்தப் பெயர் போய்விடும். அதனால் அம்மா சேமித்ததை அப்படியே வைத்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

போன் நம்பர் பத்தியையும் இரண்டு வாரத்து மாற்றங்களையும் அதில் கெடாமல் ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. பழக்க தோஷம். அடுத்தவர் எழுதியதைப் பார்த்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. பதினொரு இஃப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கு முதல் மெஷின் மட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே ஷிஃப்ட்டில் வரக்கூடாது. இன்னொருவருக்கு எந்நாளும் நான்காம் மெஷின்தான். காரணம் எதுவும் இல்லை. காரணம் இல்லாத விதி எனக்கு எரிச்சல் தரும். ஆனால் விட்டுவிட்டேன்.

நோயாளிகளின் பட்டியலில் கடைசி வரிசையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமா என்று இருந்தது. பிறந்த தேதி 1-1-1900. எடை பூஜ்யம். போன் நம்பர் இல்லை. ரத்த வகை இல்லை. ஏழாம் மெஷின், மதிய ஷிஃப்ட், திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும். நூற்றுச் சொச்சம் வயதில், எடையே இல்லாமல், வாரத்தில் ஆறு நாளும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு மாமா. சோதனைக்காகப் போட்ட வரிசை, அழிக்க மறந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யூசர்கள் செய்வது இதுதான். அழித்தேன். யாரையும் கேட்கவில்லை.

காத்திருப்போர் பட்டியலிலிருந்து இரண்டு பேருக்கு உடனே இடம் விழுந்தது. சிஸ்டருக்கு நம்ப முடியவில்லை. எட்டு மாதமாகக் காத்திருந்தவர்களாம். மேனேஜரே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஆனாலும் ஒரு வாரம் சரியாக ஓடிக் காட்டட்டும், சனிக்கிழமை சொல்கிறேன் என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். ஒரே வரிசையை அழித்து இரண்டு பேருக்கு இடம் கண்டுபிடித்ததை. அப்பா முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். பேப்பரைக் கீழே வைக்காமல், "பத்தொன்பது வருஷம் உங்கம்மா கண்ணுல படாதது, ஒரு மணி நேரத்துல உன் கண்ணுல பட்டுடுச்சா?" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதிய ஷிஃப்ட் தொடங்கும் நேரம். நான் ஓரமாக நின்று ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் வருபவர். பள்ளிச் சீருடைகளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் செவ்வாய்க்கிழமை வரவில்லை. முந்தின சனிக்குப் பிறகு அன்றுதான் வருகிறார். பேச முடியவில்லை. படுக்கவும் முடியவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. உடம்பில் ஏறிய தண்ணீர் நுரையீரல் வரை போயிருந்தது. மாலை வரை தாங்க மாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

சிஸ்டர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. நேரே ஏழாம் மெஷினுக்குப் போனார். அதில் புதிதாக வந்த பெண் ஒருவர் படுத்திருந்தார். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது எப்பவும் காலியா இருக்குமே. மாமா எங்க?"

அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

எட்டு மெஷினிலும் ஆள். ஏழு பேருக்கு ஊசி ஏற்றியாகிவிட்டது. மூன்றாம் மெஷினில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரரைப் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு இன்னும் ஊசி போடல. அவரப் படுக்க வைங்க. அவர் இடத்துல நான் சாயங்காலம் வரேன்" என்றார்.

அரை மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் அந்த இடமும் இருந்திருக்காது. தையல்காரருக்கு ஆக்சிஜன் வைத்து மெஷினை ஓட்டினார்கள். இரண்டாவது மணி நேரத்தில் மூச்சிரைப்பு அடங்கியது. மூன்றாவது மணி நேரத்தில், சீருடையில் பொத்தான் தைக்காமல் விட்டது முப்பது உருப்படி என்று கவலைப்பட ஆரம்பித்தார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். அம்மாவின் நாற்காலியில். கவனிக்கவில்லை.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. மாமாவைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு நாளும் வந்ததில்லையாம். யாரோ பெரிய இடத்து ஆள், இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நர்ஸ்கள் முணுமுணுப்பார்களாம். ஃபைல் எங்கே என்று கேட்டால் ஆபீஸில் இருக்கிறது என்பாராம் அம்மா. அவசரமாக யாராவது வந்தால், "மாமா இன்னைக்கும் வரல சிஸ்டர், அங்க போடுங்க" என்பாராம். மாதத்தில் மூன்று நான்கு முறை இப்படி நடக்குமாம்.

"இதெல்லாம் எனக்கு ஏன் அவங்க சொல்லல?"

"எழுதி வெச்சிருக்கேன்னுதான் எப்பவும் சொல்வாங்க. எங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

மறைக்கப்பட்ட பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். இது என் அம்மா செய்தது என்பதால் பார்க்கவில்லை. இரண்டு சொடுக்கில் அது வெளியே வந்தது. பக்கத்தின் பெயர் "ஏன்".

அறுபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, விதி, காரணம், கேட்டவர் யார். நான்காம் மெஷின்காரருக்குக் கண் தெரியாது, வாசலிலிருந்து இருபத்தாறு அடி எண்ணி நடந்து வருவார், இடம் மாற்றினால் தடுமாறுவார். அண்ணன் தம்பிக்கு வீட்டுப் பாகத்தில் சண்டை, ஒரே அறையில் படுத்தால் இருவருக்கும் ரத்த அழுத்தம் ஏறுகிறது. பெரிய டாக்டர் வியாழன் காலைகளில் கத்துவார், புது நோயாளிகளை வியாழன் காலையில் தொடங்க வேண்டாம். பக்கத்தை ஏன் மறைத்து வைத்தார் என்பதும் புரிந்தது.

ஒரு வரி என்னைப் பற்றி. "இஃப்புக்குள் இஃப் எத்தனை வரை போகும்? மகளைக் கேட்டேன். சிரித்தாள். பதினொன்று வரை போட்டுப் பார்த்துவிட்டேன், போகிறது."

மாமாவின் வரி இது. "ஏழாம் மெஷின், மதியம், ஆறு நாளும். இப்படி ஓர் ஆள் கிடையாது. காலி என்று எழுதினால் யாராவது சிபாரிசோடு வந்து வாங்கிவிடுகிறார்கள். ஆள் இருக்கிறது என்றால் கேட்க மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு யார் வந்தாலும் மாமா எழுந்து இடம் கொடுப்பார்."

ஒரு விதியை எழுதும்போதே அதன் காரணத்தையும் எழுதி வையுங்கள் என்று எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் மின்னஞ்சல் வரும். நாங்கள் யாரும் செய்ததில்லை. நாங்கள் ப்ரோகிராமர்கள்.

மாமாவைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு நிமிட வேலை. ஆனால் புதிதாக வந்த இரண்டு பேர் அந்த இடத்தில் இருந்தார்கள். எட்டு மாதம் காத்திருந்தவர்களை நான்காம் நாள் வெளியே போ என்று சொல்ல முடியாது. மாமாவை விட்டுவிட்டால், அடுத்த தடவை எழுந்து இடம் கொடுக்க வாத்தியார் இருப்பாரா தெரியாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாவிட்டால் சனிக்கிழமை மேனேஜரிடம் காட்ட ஒன்றும் இல்லை. மாலை ஷிஃப்ட் போய்விடும். நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். இதற்குத்தான் கையால் போடலாம் என்றேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அறுபத்து மூன்று வரிகளையும் அச்செடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்தேன். காரணம் செத்துப்போன விதி ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றேன். அதை நான் சொல்ல முடியாது. அங்கேயே நின்றவர்தான் சொல்ல முடியும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வரி வரியாகப் போனார். நடு நடுவே சிரித்தார். ஓர் இடத்தில், "என்னைப் பத்தியும் போட்டிருக்காங்க, பாரேன்" என்றார். நாற்பதாவது வரியில் விரல் நின்றது. எட்டாம் மெஷின், மாலையில் வேண்டாம். தூணுக்குப் பின்னால் இருக்கிறது. நர்ஸ் மேசையிலிருந்து தெரியாது. மாலையில் இரண்டே நர்ஸ்.

"மேசையத்தான் இந்தப் பக்கம் மாத்திட்டாங்களே. பெயின்ட் அடிச்சப்ப. ரெண்டு வருஷம் ஆச்சு. அங்கேருந்து எட்டு நல்லாத் தெரியுது." எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்து பார்த்தார். மறுபடி வந்தார். "ஒரு நர்ஸுக்கு நாலு பேர். அது எங்க கணக்குக்குள்ளதான் வருது."

மாலையில் ஒரு மெஷின் என்றால் வாரத்துக்கு ஆறு இடம். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் தலா மூன்று. சரியாக இருந்தது.

மாற்றத்தை நீங்களே செய்யுங்கள் என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். நான் திங்களுக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப வேண்டும். அது ஒரு காரணம்.

"ஐயோ, நான் தொட்டா ஏதாவது ஆயிடும்."

"ஆகும் சிஸ்டர். நான் தொட்டுத்தான் ஆச்சு. நகல் எடுத்து வெச்சிருக்கேன், எத்தனை தடவை வேணாலும் கெடுக்கலாம்."

ஒற்றை விரலால் தட்டினார். எட்டாம் மெஷினுக்கு மாலை வேண்டாம் என்ற நிபந்தனையை எடுத்தார், புதியவர்கள் இருவரையும் மாலைக்கு மாற்றினார், மாமாவை மறுபடி சேர்த்தார். அட்டவணை புதிதாக விழுந்தது. பிழைக்குறி ஒன்றும் இல்லை. எனக்குத் திருப்தி. மூடிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரு. இவர எப்படி எட்டுல போடும்?" என்றார் சிஸ்டர். "இவர் எண்ணி நடக்கற ஆளாச்சே."

கண் தெரியாதவர், புதன்கிழமை மாலை, எட்டாம் மெஷின். ஷீட்டைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை. அதனால் என் கண்ணில் படவில்லை. காலியாக எந்த மெஷின் இருக்கிறது என்று முதலில் பார்த்து, யாருக்கு எந்த மெஷின் கட்டாயம் என்று பிறகு பார்க்கும்படி அம்மா எழுதியிருந்தார். எட்டாம் மெஷின் மூடியிருந்தவரை அந்த வரிசையால் சிக்கல் வரவில்லை. அது அம்மாவின் பிழை. மெய்ப்புத் திருத்துகிறவரின் பிழையைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவை.

எங்கே கோளாறு என்று நான் சொல்வதற்குள் சிஸ்டர் சொன்னார்.

"நாங்க ஷிஃப்ட் எடுக்கறப்ப முதல்ல முடியாதவங்களப் பாப்போம், அப்புறம்தான் மத்தவங்க. இது மாத்திப் பாக்குது. இத மேல தூக்கி வெச்சா என்ன?"

தூக்கி வைத்தார். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய் பிழைக்குறி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணிப் பார்த்து, அவரே போட்டார். நான்காம் மெஷினில் கண் தெரியாதவர். எட்டில் வேறு ஒருவர். ஏழில், மதியத்தில், மாமா. பிறகு "ஏன்" பக்கத்தின் அடியில் அறுபத்து நான்காவது வரியாக மேசை இடம் மாறியதைத் தேதியோடு எழுதினார். கேட்டவர் என்ற இடத்தில் நான் என்று போட்டுவிட்டு, நான் என்றால் யாருக்குத் தெரியும் என்று அழித்து, தலைமை நர்ஸ் என்று மாற்றினார்.

நர்ஸாக நின்று பழகிய ஒருவர் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான் அது. ஆனால் அந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் ப்ரோகிராம் எழுதுவது என்று பெயர். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைத் திருத்த முடியாது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். நாற்பத்தாறு பேர், மாலையில் பதினாறு, ஒருவரும் விடுபடவில்லை. அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். இந்த மாமா யார், ஆறு நாளும் வருகிறாரே என்று கேட்டார். நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

சிஸ்டர் பொய் சொல்லவில்லை. தாளைத் திருப்பி அம்மாவின் வரியைக் காட்டினார். மேனேஜர் இரண்டு முறை படித்தார். சிபாரிசோடு வந்தவர்களில் அவர் அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது. அட்டவணையில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை நடந்தது இன்னொரு தடவை நடக்கக் கூடாது, புது சாஃப்ட்வேர் வரும்போதும் இந்த மாமா இருக்க வேண்டும், அவர்களிடம் நீங்களே பேசுங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். மாலை ஷிஃப்ட்டைப் பற்றி அதற்கு மேல் பேச்சு இல்லை.

திங்கள் மாலை கடைசியாக ஒரு முறை போனேன். தூணுக்குப் பின்னால் எட்டாம் மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் மேசையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அன்று தையல்காரரின் நாள் இல்லை. ஆனாலும் வந்திருந்தார். பொத்தான் வேலை முடியவில்லை, வியாழக்கிழமை மாலைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வரலாமா என்று கேட்க வேண்டுமாம். வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இனிமே இதெல்லாம் யார்கிட்ட கேக்கணும்மா?"

"என்கிட்ட கேளுங்க," என்றார் சிஸ்டர் உள்ளேயிருந்து. வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடினார். "வெள்ளிக்கிழமையெல்லாம் கிடையாது. போன வாரம் பட்டது போதாதா? வியாழக்கிழமை காலைல யாராவது மாத்திக்குவாங்களான்னு பாக்கறேன், இருங்க."

பார்க்கத் தொடங்கினார்.